மூக்கைத் தாழ்த்தி இறங்கும் கேரிபு: ஜார்ஜ்டவுன் பட்டறை ஒன்றில் செய்வித்த மாதிரி விமானம்

பட்டர்வொர்த்தில் இருக்கும் என் தாய்மாமாவுக்குக் கொடுப்பதற்காக, மலேசியாவின் பினாங்கில் உள்ள ஜார்ஜ்டவுனில் மாதிரி விமானங்கள் செய்துதரும் ஒரு பட்டறையில் கேரிபு போக்குவரத்து விமானம் ஒன்றைச் சொல்லிச் செய்வித்தேன். பினாங்குத் தெருவுக்குப் பின்னால், மசாலாக் கடை ஒன்றின் மாடியில், ஒருவர் தனியாளாக நடத்தும் பட்டறை அது. பெயர்ப்பலகை கிடையாது; அங்கே வருகிறவர்கள் ஒருவர் சொல்லி மற்றவர் வந்தவர்கள்தாம். விமானம் மாமா வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பழகிய பிறகு எழுதுவதே முறை என்று காத்திருந்துதான் இதை எழுதுகிறேன்.

இந்த விமானத்தை ஏன் செய்யச் சொன்னேன் என்பதைச் சொல்லாமல் வேலையின் தரத்தைச் சொல்ல முடியாது. மாமா 1968-இல், பத்தொன்பது வயதில், அரச மலேசிய விமானப் படையில் சேர்ந்து என்ஜின் தொழில்நுட்பராக இருந்தவர். அவர் கை பழகியது கேரிபு விமானத்தில். கனடாவின் டி ஹாவிலண்ட் நிறுவனம் செய்த இந்த விமானம் முதன்முதலாகப் பறந்தது 1958-இல். நம் விமானப் படை 1960களின் நடுப்பகுதியில் அதை வாங்கி, 1990கள் வரை வைத்திருந்தது. பதினான்கு சிலிண்டர் கொண்ட இரண்டு பிஸ்டன் என்ஜின்கள், ஒவ்வொன்றுக்கும் 1,450 குதிரைத்திறன், ஏறத்தாழ 13 டன் எடையோடு கிளம்பும் உடல், முப்பத்திரண்டு வீரர்களுக்கு இடம், பின்னால் தாழ்ந்து திறக்கும் சரக்குக் கதவு. அதன் பெருமை வேகத்தில் இல்லை. இருநூறு மீட்டரை ஒட்டிய தூரத்தில் இறங்கி நின்றுவிடும். ஏறக்குறைய அதே தூரத்தில் கிளம்பியும் விடும்.

மாமாவின் பேச்சில் ஒரு விமானி அடிக்கடி வருவார். அவருடைய பெயரை மாமா ஒருநாளும் சொன்னதில்லை. "எங்கள் துவான்" என்றுதான் சொல்வார். சீருடை போட்டிருந்த காலத்தில் அதிகாரியை அழைத்த சொல் நாற்பது ஆண்டு கழித்தும் நாவிலிருந்து இறங்கவில்லை. 1970களில் ஒரு முறை பொதுமக்களுக்காகத் தளத்தைத் திறந்துவிட்டிருந்த நாளில் துவான் கேரிபுவைக் காட்டினார். போர் விமானங்கள் காதைப் பிளந்துகொண்டு போய் முடிந்த பிறகு, இந்தப் பருத்த விமானம் மெதுவாக வந்ததைப் பார்த்துக் கூட்டம் தின்பண்டக் கடைகளின் பக்கம் திரும்பியதாம். வேலிக்கு மேலே வந்ததும் விமானம் மூக்கைக் கீழே சாய்த்தது. பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் கூவினார்கள். நேராக மண்ணில் குத்தப் போகிறது என்று எல்லாரும் நினைத்த கணத்தில் மூக்கு நிமிர்ந்தது, சக்கரம் தொட்டது, விசிறிகள் எதிர்த்திசையில் இழுத்தன, விமானம் நின்றது. நின்ற இடத்திலிருந்தே பின்னோக்கி நகர்ந்தது. பின்கதவு திறந்து ஆட்கள் இறங்கி ஓடினார்கள், கதவு மூடியது, மிச்சமிருந்த ஓடுதளத்திலேயே மறுபடியும் ஏறிப் போய்விட்டது. "மொத்தமும் ஒரு கோப்பை தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) ஆறுவதற்குள் முடிந்துவிட்டது" என்பார் மாமா.

துவான் முதுமையில், படுக்கையில், அமைதியாகக் காலமானார் என்ற செய்தி போன வருடம் பழைய நண்பர் ஒருவர் வழியாக மாமாவுக்கு வந்தது. அன்றைக்கு மாமா ஒன்றும் பேசவில்லை. மறுநாள், "ஒரு கேரிபு செய்து வைத்துக்கொள்ளலாமா, அம்மா?" என்று என்னிடம் கேட்டார். அவர் என்னிடம் எதையும் கேட்பவர் அல்லர்.

பட்டறைக்காரர் நாற்பது வயதைத் தாண்டியவர். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் மின்னணுப் பலகைகளைச் சோதிக்கும் வேலையில் இருந்துவிட்டு, பிறகு முழுநேரமாக இதற்கு வந்தவர். அலமாரியில் அவர் செய்து வைத்திருந்தவற்றுள் ஒரு டுவின் பயனியரைப் பார்த்ததும் மாமாவுக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. நம் விமானப் படைக்கு 1958 ஏப்ரலில் வந்த முதல் விமானம் அதுதான். 'லாங் ராஜவாலி' என்று அன்றைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் பெயர் சூட்டினார். அதைச் செய்த ஸ்காட்டிஷ் ஏவியேஷன் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான டேவிட் மெக்கின்டயர், 1933-இல் எவரெஸ்ட்டுக்கு மேலே முதலில் பறந்த இரு விமானங்களில் ஒன்றை ஓட்டியவர். இதே டுவின் பயனியரை நாடு நாடாகக் காட்டிவந்த பயணத்தில், 1957 டிசம்பரில், லிபியாவில் விபத்துக்குள்ளாகி இறந்தார். இறக்கையைத் தாங்கும் தண்டு உலோகச் சோர்வால் முறிந்தது காரணம். நம் முதல் விமானம் வந்து சேர்வதற்கு நான்கு மாதத்துக்கு முன்னால் நடந்தது அது. மாமா இதைச் சொல்லச் சொல்ல, பட்டறைக்காரர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். வாடிக்கையாளர் பேசும்போது கையை நிறுத்திவிட்டுக் கேட்கிறவரை நான் கடைகளில் அதிகம் பார்த்ததில்லை.

ஆனாலும் முதல் சந்திப்பிலேயே இருவருக்கும் கருத்து வேறுபாடு வந்தது. அதுதான் இந்த வேலையை நல்ல வேலையாக்கியது என்று நினைக்கிறேன்.

"சாகச விமானி" என்று நான் முன்கூட்டியே சொல்லியிருந்ததால், பட்டறைக்காரர் விமானத்தை ஓர் இறக்கை வானத்தையும் மற்றொன்று தரையையும் நோக்கும்படி செங்குத்தாகச் சாய்த்து நிறுத்தும் ஒரு படத்தை வரைந்து வைத்திருந்தார். அதற்கு ஆதாரமாக 2018-இல் பிரிட்டனின் ஃபார்ன்பரோ கண்காட்சியில் லாக்ஹீட் நிறுவனத்தின் எல்.எம்.-100ஜே விமானம், அதாவது ஹெர்குலிஸ் ராணுவப் போக்குவரத்து விமானத்தின் குடிமைப் பயன்பாட்டு வடிவம், முழு வளையம் அடித்த காணொளியைக் கைப்பேசியில் காட்டினார். இத்தாலிய விமானப் படையின் சி-27ஜே ஸ்பார்ட்டன் போக்குவரத்து விமானம் வளையமும் உருளலும் செய்வதையும் காட்டினார். மாமா இரண்டையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "நன்றாகத்தான் பறக்கிறார்கள், தம்பி. ஆனால் துவான் இப்படிப் பறக்க மாட்டார். இது அவருடைய விமானம் இல்லை" என்றார்.

பிறகு மாமா விளக்கியதை நான் குறித்து வைத்திருக்கிறேன். இறக்கையைச் சாய்த்துத் திரும்பும்போது, உயரம் குறையாமல் இருக்க வேண்டுமானால், விமானத்தின் எடையைவிட அதிகமான சுமையை இறக்கை தாங்கியாக வேண்டும். அறுபது பாகை சாய்த்தால் சுமை இரண்டு மடங்காகிறது. இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும் வேகமும் அதனால் 41 விழுக்காடு ஏறிவிடுகிறது. நேராகப் பறக்கும்போது பாதுகாப்பாக இருந்த வேகம் சாய்ந்து திரும்பும்போது பாதுகாப்பற்ற வேகமாகிவிடுகிறது. தரைக்கு அருகில் அதைத் திருத்திக்கொள்ள உயரம் இருக்காது. 2010 ஜூலை 28 அன்று அலாஸ்காவின் எல்மெண்டார்ஃப் தளத்தில், விமானக் காட்சிக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்காவின் சி-17 போக்குவரத்து விமானம் இப்படித்தான், ஏறிய சிறிது நேரத்திலேயே வலப்பக்கமாக இறுக்கித் திரும்பியபோது வேகம் போதாமல் வீழ்ந்தது. எச்சரிக்கை ஒலித்தும் திருப்பம் தளர்த்தப்படவில்லை. நான்கு பேர் இறந்தார்கள். பறந்த விமானி அனுபவம் இல்லாதவர் அல்லர். பல முறை செய்து பழகியவர். "பழகிப் போனதுதான் ஆபத்து, தம்பி" என்று மாமா சொன்னபோது அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"அப்படியென்றால் 1955-இல் சியாட்டலில் சோதனை விமானி டெக்ஸ் ஜான்ஸ்டன் போயிங்கின் நான்கு என்ஜின் ஜெட் விமானத்தைத் தலைகீழாக உருட்டியது?" என்று பட்டறைக்காரர் விடாமல் கேட்டார். கேள்வி நல்ல கேள்வி. வாஷிங்டன் ஏரிக்கு மேலே, படகுப் போட்டி பார்க்கக் கூடியிருந்த பெருங்கூட்டத்தின் முன்னால் அது நடந்தது. அந்த முன்மாதிரி விமானத்திலிருந்துதான் பின்னாளில் அமெரிக்க விமானப் படையின் எரிபொருள் நிரப்பும் விமானமும் பிறந்தது. மாமாவின் பதில் சுருக்கமானது: சரியாக உருட்டினால் இறக்கைக்கு அது நேராகப் பறப்பதைவிட அதிகச் சுமையே இல்லை, பார்க்கிறவர்களுக்குத்தான் அது சாகசம், விமானத்துக்கு இல்லை. துவானுடையது அதற்கு நேர்மாறு. பார்க்கிறவர்களுக்கு அது மெதுவாக இறங்கும் சரக்கு வண்டி. உள்ளே இருப்பவர்களுக்கு விளிம்பில் நடப்பது.

கேரிபுவின் இறக்கையில் பின்விளிம்பு முழுவதும் நீளும் ஃபிளாப்கள், அதாவது தாழ்த்தக்கூடிய தகடுகள், உண்டு. வெளிப்பக்கத் துண்டுகள் திருப்பவும் பயன்படும், ஃபிளாப்களோடு சேர்ந்து தாழவும் செய்யும். அவற்றை முழுதாகத் தாழ்த்தினால் விமானம் மிகக் குறைந்த வேகத்திலும் தாங்கும். காற்றின் எதிர்ப்பும் கூடுவதால், மூக்கைக் கீழே சாய்த்தாலும் வேகம் ஏறாது. செங்குத்தான சரிவில் இறங்க முடிவது அதனால்தான். விசிறிகள் தள்ளும் காற்றும் ஃபிளாப்கள்மேல் பாய்ந்து தாங்குதலைக் கூட்டுகிறது. ஆகவே அந்த வேகத்தில் ஓர் என்ஜின் நின்றால் அந்தப் பக்கத்து இறக்கை உடனே தாழும், சுக்கானும் கைகொடுக்காது. அந்த அரை நிமிடத்தில் விமானி தன்னை நம்பினால் மட்டும் போதாது. என்ஜினைப் பார்த்த ஆளையும் நம்ப வேண்டும். காட்சி நாளன்று காலையில் துவான் விமானத்தை இரண்டு முறை சுற்றி வந்து, என் மாமாவின் தோளைத் தொட்டு, "பாகுஸ்?" (நன்றாக இருக்கிறதா?) என்று மட்டும் கேட்டாராம். மாமா, "பாகுஸ், துவான்" என்றாராம். மாமாவுக்கு அந்த விமானி ஏன் மறக்கவில்லை என்பது எனக்கு அந்த மாடிப் பட்டறையில்தான் விளங்கியது.

இன்னொன்றும் சொன்னார். வேறொரு நாள், காற்று திசைமாறி அடித்தபோது, துவான் செங்குத்தான இறக்கத்தை விட்டுவிட்டுச் சாதாரணமாக ஒரு சுற்றுப் பறந்து இறங்கிவிட்டார். கூட்டம் ஏமாந்தது, மேலதிகாரி ஒருவர் முகம் சுளித்தார். துவான் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. கேரிபுவின் தம்பியான பஃபலோ விமானம் 1984 செப்டம்பர் 4 அன்று ஃபார்ன்பரோவில், அதே வகைச் செங்குத்தான இறக்கத்தில் ஓடுதளத்தில் பலமாக மோதி இறக்கைகள் உடைந்து கிடந்த படத்தைப் பார்த்த அன்று, மாமா முதலில் நினைத்தது அந்தக் காற்றடித்த நாளைத்தானாம். பஃபலோவில் இருந்தவர்கள் எல்லாரும் உயிர் பிழைத்தார்கள்.

பட்டறைக்காரர் தாம் வரைந்ததைக் கிழித்துப் போட்டார். புதிய காகிதத்தில், மூக்கு தாழ்ந்து, ஃபிளாப்கள் முழுதாக இறங்கி, இறக்கைகள் மட்டமாக இருக்கும் விமானத்தை வரைந்து, "எத்தனை பாகை, ஐயா?" என்று கேட்டார். மாமா உள்ளங்கையைக் காற்றில் சாய்த்துப் பிடித்தார். அவர் பாகைமானியை அந்தக் கைக்குப் பக்கத்தில் வைத்து அளந்து குறித்துக்கொண்டார். வேலை வாங்கும்போது இப்படி ஒருவர் அளந்து நான் பார்த்ததில்லை.

இனி வேலைக்கு வருகிறேன். 72-இல் 1 அளவில் இறக்கையின் வீச்சு நாற்பது சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். நீளம் முப்பத்தொரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சந்தையில் கிடைக்கும் பிளாஸ்டிக் கிட்டை வைத்துத் தொடங்கினாலும், அதில் ஃபிளாப்கள் இறக்கையோடு ஒட்டியே வார்க்கப்பட்டிருந்ததால், மெல்லிய ரம்பத்தால் அவற்றை அறுத்தெடுத்து, பிளாஸ்டிக் தகட்டில் புதிதாகச் செய்து, தாழ்ந்த நிலையில் பொருத்தியிருக்கிறார். ஃபிளாப்புக்கும் இறக்கைக்கும் நடுவே காற்றுப் போகும் இடைவெளி உண்மையான விமானத்தில் இருப்பதுபோல இரட்டையாகத் தெரிகிறது. அதற்குள் ஒரு தபால்தலையின் ஓரம்கூட நுழையாது. ஆனால் விளக்கின் பக்கம் பிடித்தால் இரண்டு மெல்லிய ஒளிக்கோடுகள் தெரிகின்றன. இறக்கை உடலிலிருந்து என்ஜின் வரை சற்றே தாழ்ந்து, அதற்கப்பால் நிமிரும் அந்தக் கேரிபு வளைவும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வந்திருக்கிறது. இங்கேதான் மாதிரிகள் பெரும்பாலும் கோணிப் போகும்.

வண்ணத்திலும் அவர் அவசரப்படவில்லை. என்ஜின் கூட்டின் பின்னால் எண்ணெய்க் கறையை முதலில் கறுப்பாக இழுத்திருந்தார். மாமா படத்தைப் பார்த்துவிட்டு, சூடான எண்ணெய் காய்ந்தால் தேன் நிறமாகத்தான் படியும் என்றார். அடுத்த படத்தில் அது பழுப்பாக, ஓரங்களில் கரைந்துபோய் இருந்தது. வலது என்ஜினில் கொஞ்சம் அதிகம். "அந்த என்ஜின்தான் எப்போதும் கொஞ்சம் ஒழுகும்" என்று மாமா சொல்லியிருந்ததை நினைவில் வைத்திருக்கிறார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சுழலும் விசிறிகளுக்காகப் பொருத்திய ஒளிபுகும் வட்டத் தகடுகள் எனக்கு நிறைவு தரவில்லை. நேர் எதிரே நின்றால் அவை மறைந்து விமானம் பறப்பதுபோலவே தெரிகிறது. பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம் பட்டதும் கண்ணாடித் துண்டுபோலப் பளபளத்து அந்த எண்ணத்தைக் கெடுத்துவிடுகிறது. மூன்று இதழ் கொண்ட விசிறியை அப்படியே நிறுத்தி வைப்பதும் பறக்கும் விமானத்துக்குப் பொருந்தாது என்பது தெரியும். இருந்தாலும் பளபளப்பைத் தணிக்கும் பூச்சு ஒன்று கொடுத்திருக்கலாம்.

பெரிய குறை தாமதம். பத்து வாரம் என்று சொன்ன வேலை பதினேழு வாரம் ஆனது. நடுவில் மூன்று வாரம் வாட்ஸ்அப் செய்திகளுக்குப் பதிலே இல்லை. எழுபத்தாறு வயதான ஒருவர் தினமும் காலையில், "தம்பியிடமிருந்து ஏதாவது வந்ததா?" என்று கேட்கும்போது அது சிறிய விஷயம் இல்லை. பிறகுதான் காரணம் தெரிந்தது. இறக்கையில் ஒட்டும் விமானப் படைச் சின்னத்தின் நட்சத்திரத்தைத் தாமே அச்சிட்டு ஒட்டிய பிறகு, உருப்பெருக்கியில் எண்ணிப் பார்த்தபோது பதினொரு முனைதான் இருந்திருக்கிறது. அது மலேசியா உருவாவதற்கு முந்திய மலாயாக் கூட்டமைப்பின் நட்சத்திரம். மாமா பணியாற்றிய காலத்து விமானத்துக்குப் பதினான்கு முனை வேண்டும். வண்ணத்தோடு சேர்த்து உரித்து, தேய்த்து, மறுபடியும் பூசி, மறுபடியும் ஒட்டியிருக்கிறார். சுண்டு விரல் நகத்தைவிடச் சிறிய நட்சத்திரத்தில் மூன்று முனைக்காக அவர் அதைச் செய்தது எனக்கு மதிப்பையே தந்தது. அதை ஒரு வரியில் எங்களுக்குச் சொல்லாமல் விட்டதுதான் வருத்தம். வாலில் எஃப்.எம். என்று தொடங்கும் பழைய எண்ணை மாமா நினைவிலிருந்து எழுதிக் கொடுத்தார். அது முதல் தடவையே பிழையின்றி வந்தது.

விலை 1,900 வெள்ளி (ரிங்கிட்); பாதி முன்பணம். கடையில் கட்டி முடித்து விற்கும் மாதிரிகளோடு ஒப்பிட்டால் அதிகம். ஆனால் அறுத்துச் செய்த ஃபிளாப்களையும், சின்னம், எண் எல்லாவற்றையும் தனியாகச் செய்ததையும், சொன்னதைக் கேட்டு மாற்றியதையும் கணக்கில் எடுத்தால் நியாயமான விலை என்றே சொல்வேன். தாமதத்துக்காக அவராகவே 150 வெள்ளியைக் குறைத்துக்கொண்டார். மாமா அந்தப் பணத்தை வாங்க மறுத்து, முழுத் தொகையையும் கொடுக்கச் சொன்னார்.

விமானத்தைப் பெர்ரியில் கொண்டுவந்தோம். பஞ்சை விமானத்தின் வடிவத்துக்கே குடைந்து, பெட்டிக்குள் இறக்கைகள் எதிலும் படாதபடி அமைத்திருந்தார். அப்படியும் முதுகின்மேல் வாலை நோக்கி ஓடும் முடியளவு கம்பி ஒன்று கழன்றிருந்தது. செய்தி அனுப்பிய மறுநாளே கடலைத் தாண்டி வீட்டுக்கு வந்து, ஒரு சொட்டுப் பசையில் ஒட்டிக் கொடுத்துவிட்டு, அத்தை போட்ட தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

பீடத்தைப் பற்றி ஒரு சொல். மெர்பாவு மரத்தில் செய்த சதுரப் பலகை, அதில் ஓடுதளத்தின் தொடக்கமும் வேலியோரப் புல்லும் மட்டும். விமானத்தைத் தாங்கும் பித்தளைத் தண்டு வாலுக்கு அடியில், எளிதில் கண்ணில் படாத இடத்தில் நுழைகிறது. தூசு படாமல் கண்ணாடிப் பெட்டி வேண்டுமானால் தனியாக 220 வெள்ளி. மாமா வேண்டாம் என்றார். தூசைத் தாமே தூரிகையால் தட்டிக்கொள்வதாகச் சொன்னார், தட்டவும் செய்கிறார்.

செய்யக் கொடுக்க நினைப்பவர்கள் மூன்று பக்கத்துப் படங்களையும், எந்த ஆண்டு விமானம் என்பதையும் கையோடு கொண்டுபோங்கள். பேசி முடித்த தேதிக்கு மேல் இரண்டு மாதம் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பிறந்தநாளுக்கு என்று நம்பிக் கொடுக்க வேண்டாம். முடிந்தால் அந்த விமானத்தை அறிந்த மனிதரையும் உடன் அழைத்துப் போங்கள். மாடிப்படி செங்குத்தானது, பெரியவர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும்.

மாமா லீமா விமானக் கண்காட்சிக்கு லங்காவிக்கு ஒன்றிரண்டு முறை போயிருக்கிறார். ஜெட் விமானங்கள் வரும்போது நிழலில் உட்கார்ந்துவிட்டு, போக்குவரத்து விமானங்களுக்குத்தான் எழுந்து நிற்பாராம். வீட்டில் கேரிபுவை முதலில் தொலைக்காட்சிக்கு மேலிருந்த தட்டில் வைத்தோம். இரண்டு நாள் கழித்துப் போனபோது அது இடம் மாறியிருந்தது. வாசலுக்கு எதிரே, மாமா உட்காரும் நாற்காலியின் கண்மட்டத்தில், மூக்கு அவரை நோக்கித் தாழ்ந்திருக்கும்படி ஒரு முக்காலியின்மேல் வைத்திருந்தார். "அன்றைக்கு நான் நின்ற இடம் இதுதான்" என்றார்.